ஐந்து மாதம் வயலில் நோய் எண்ணும் வேலை: போகலாமா?

சம்பாநாத்து
வியாழன், இரவு 9:12

எல்லாருக்கும் வணக்கம். ஊர் மயிலாடுதுறை பக்கம். போன வருஷம் பி.எஸ்சி. வேளாண்மை முடித்தேன். நெல் குலை நோய் (இலையிலும் கதிர்க் கழுத்திலும் வருகிற பூஞ்சை நோய்) பற்றிய ஓர் ஆய்வுத் திட்டத்தில் கள உதவியாளர் வேலை கிடைத்திருக்கிறது. ஜூலையிலிருந்து நவம்பர் வரைதான். நீலகிரி மாவட்டத்துக் கூடலூரில் தங்க வேண்டும்.

வாரத்துக்கு இரண்டு நாள் வயலில் நோய்க்கு ஸ்கோர் போடுவது, இலை மாதிரி எடுப்பது, நோய்ப் பூஞ்சையின் வித்து (ஸ்போர்) பிடிக்கும் கண்ணாடித் தகடுகளைக் காலையில் மாற்றுவது, வானிலைக் கருவியிலிருந்து பதிவுகளை இறக்குவது. இதுதான் வேலை என்றார்கள். வரப்பில் நடக்கத் தெரியுமா, மழையில் நிற்பாயா என்று கேட்டார்கள். நோயைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

அப்பா, "படித்துவிட்டுப் புள்ளி எண்ண மலைக்குப் போக வேண்டுமா, நம் வயலிலேயே எண்ணலாமே" என்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இப்படிப் போனவர்கள் இருந்தால் சொல்லுங்கள். நாள் முழுக்க உண்மையில் என்ன வேலை இருக்கும்? மேற்படிப்புக்கு உதவுமா? என்ன எடுத்துக்கொண்டு போக வேண்டும்?


பனிக்காலம்
வியாழன், இரவு 10:47

தங்கச்சி, நான் எட்டு சீசன் இந்த வேலை பார்த்தவள். ஐந்து டெல்டாவில், மூன்று கூடலூரில். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஏன் கூடலூர் என்று அப்பாவிடம் சொல். குலை நோய்க்குப் பிடித்ததெல்லாம் அங்கே இருக்கிறது. தென்மேற்குப் பருவமழை, நாள்கணக்கில் மேகமூட்டம், இரவில் குளிர், காலை பத்து மணி வரைக்கும் காயாத இலை. வேளாண் பல்கலைக்கழகத்தின் கலப்பின நெல் மதிப்பீட்டு மையம் அங்கே இருக்கிறது. குலை நோயைத் தாங்குகிற ரகம் எது என்று அங்கே வைத்துப் பார்ப்பதும் இதனால்தான். நம் டெல்டாவில் மார்கழி, தைப் பனிக்குக் காத்திருந்து பார்க்க வேண்டியதை அங்கே ஆடி, ஆவணியிலேயே பார்க்கலாம்.

நாற்றங்கால் முறையில் சோதனை வைத்தால் இப்படி இருக்கும்: ஒவ்வொரு ரகத்துக்கும் 50 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு வரிசை, வரிசைக்கு வரிசை 10 சென்டிமீட்டர். சுற்றிலும் நோய் தாங்காத ரகத்தை விதைத்திருப்பார்கள், நோய் அதிலிருந்து பரவட்டும் என்று. ஸ்ப்ரெடர் என்போம். பெரும்பாலும் கோ 39 இருக்கும். நம் கோயம்புத்தூரில் வந்த ரகம். குலை நோய்க்கு ரொம்பச் சீக்கிரம் விழுந்துவிடும் என்பதாலேயே வெளிநாட்டு ஆய்வகங்களிலும் அதை வைத்திருக்கிறார்கள். தழைச்சத்தைத் தாராளமாகப் போட்டு, சாயங்காலம் தண்ணீர் தெளித்து, நோயை வா வா என்று அழைக்கிற ஒரே வயல் அதுதான்.

ஸ்கோர் 0 முதல் 9 வரை. 1 என்றால் குண்டூசி முனை அளவுப் பழுப்புப் பொட்டு. 2, 3 என்றால் ஓரிரண்டு மில்லிமீட்டர் வட்டப் புள்ளி. 4க்கு வந்தால்தான் அசல் குலைநோய்ப் புள்ளி: நடுவே சாம்பல், ஓரம் பழுப்பு, இரண்டு முனையும் கூராக, 3 மில்லிமீட்டருக்குக் குறையாமல், கண் வடிவில். அங்கிருந்து இலைப்பரப்பில் எத்தனை சதவீதம் போயிருக்கிறது என்று பார்க்க வேண்டும். 5 என்றால் 4 முதல் 10 சதவீதம், 6 என்றால் 25 வரை, 7 என்றால் 50 வரை. 9 என்றால் முக்கால் இலைக்கு மேல் போயாச்சு. படத்தில் பார்க்க எளிது. தூறலில், முதுகு வலியோடு, இருநூறாவது வரிசையில் நின்றுகொண்டு 5க்கும் 6க்கும் நடுவே முடிவு செய்வதுதான் வேலை.

இப்போது நான் செய்த தப்பைச் சொல்கிறேன். முதல் சீசன், டெல்டாவில் விவசாயிகளின் வயல்களில் சர்வே. ஒரு வயலில் ஐந்து இடம், இடத்துக்குப் பத்துக் குத்து (சேர்த்து நட்ட நாற்றுக் கொத்து) பார்க்க வேண்டும். நான் இறங்கியதும் என் கண் தானாகவே புள்ளி இருக்கிற குத்தைத் தேடிப் போனது. நோயைப் பார்க்கத்தானே வந்திருக்கிறோம், நோயில்லாத குத்தைப் பார்த்து என்ன எழுத என்று நினைத்தேன். இரண்டு வாரம் இப்படியே போனது. பிறகு எங்கள் மேடம் என் ஷீட்டை எடுத்துப் பார்த்தார். திட்டவில்லை. "இந்தப் பன்னிரண்டு வயலிலும் ஆரோக்கியமான ஒரு குத்துகூட இல்லையா?" என்று மட்டும் கேட்டார். என் ஷீட் முழுக்க ஒரு 0கூட இல்லை.

அந்த இரண்டு வார டேட்டா முழுக்கக் குப்பைக்குப் போனது. அதற்கப்புறம் வரப்பிலிருந்து பத்து அடி உள்ளே போய், எண்ணி நடந்து, கால் நின்ற இடத்தில் எந்தக் குத்து இருக்கிறதோ அதைத்தான் பார்ப்பேன். அது பச்சைப் பசேலென்று இருந்தால் 0 என்று எழுதுவேன். இந்த வேலையில் கற்றுக்கொள்ள ஒன்றுதான் இருக்கிறது என்றால் அது இதுதான். நோய் எங்கே இல்லை என்று தெரிந்தால்தான் ஏன் இங்கே இருக்கிறது என்று கேட்க முடியும்.

போய் வா.


கொள்ளிடக்கரை
வெள்ளி, காலை 7:20

அக்கா சொன்னது அத்தனையும் சரி. ஆனால் நல்ல பக்கம் மட்டும் தெரிகிறது. இன்னொரு பக்கத்தை நான் சொல்கிறேன்.

நானும் இரண்டு சீசன் பார்த்தேன். எங்கே என்று சொல்லப்போவதில்லை. முதல் சீசனில் சம்பளம் மூன்று மாதம் கழித்து மொத்தமாக வந்தது. அதுவரை பைக் பெட்ரோல், சாப்பாடு எல்லாம் கைக்காசு. எழுத்தில் ஆர்டர் கொடுக்கவில்லை, வாய்ப்பேச்சுதான். இரண்டாவது சீசன் பாதியிலேயே நிதி தீர்ந்துவிட்டது என்று அனுப்பிவிட்டார்கள். நான் எடுத்த அளவுகள் பின்னால் ஒரு கட்டுரையில் அட்டவணையாக வந்தது. நன்றி சொல்லும் பத்தியில்கூட என் பெயர் இல்லை. சேற்றில் நின்ற கால் யாருடையது என்று யாருக்கும் தெரியாது.

தங்கச்சி வீட்டில் வசதி இருந்தால் போகட்டும். இல்லையென்றால் இந்த ஐந்து மாதத்தில் வேளாண் அலுவலர் தேர்வுக்குப் படித்தால் வாழ்க்கை முழுக்கச் சோறு. என்னோடு சீசன் பார்த்த நான்கு பேரில் மூன்று பேர் இப்போது உரக்கடையிலும் விதைக் கம்பெனியிலும் இருக்கிறோம். கோபத்தில் எழுதவில்லை. தெரிந்துகொண்டு போகட்டும் என்றுதான்.


பனிக்காலம்
வெள்ளி, காலை 9:05

தம்பி, உங்களுக்கு நடந்தது அநியாயம். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். எனக்கும் ஒரு சீசன் அப்படிப் போனது.

ஆகவே சம்பாநாத்து, கிளம்புவதற்கு முன்னால் இதைக் கேள். எழுத்தில் ஆர்டர் வேண்டும், அதில் தொடங்கும் தேதி, முடியும் தேதி, தொகை இருக்க வேண்டும். தங்கும் செலவு, பயணப்படி யார் பொறுப்பு என்று கேள். கட்டுரை வந்தால் நன்றிப் பத்தியில் கள உதவியாளர்கள் பெயர் வருமா என்றும் கேள். கூச்சப்படாதே. நல்ல ஆய்வாளர் இதைக் கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால் போகாதே, அவ்வளவுதான்.

ஆனால் தம்பி, "சேற்றில் நின்ற கால்" என்று எழுதினீர்களே, அதற்கு ஒன்று சொல்ல வேண்டும்.

1942இல் வங்காளத்தில் நெல்லில் செம்புள்ளி நோய் பெரிதாக வந்தது. மறுவருஷம் பஞ்சம். அந்தப் பஞ்சத்துக்கு நோய் எவ்வளவு காரணம், போர்க்கால விலையேற்றமும் அரசாங்கமும் எவ்வளவு காரணம் என்று இன்று வரைக்கும் வாதம் ஓய்ந்தபாடில்லை. நோய்தான் பெரிய காரணம் என்று 1973இல் எழுதிய பயிர்நோய் ஆய்வாளர் எஸ். ஒய். பத்மநாபன் கையில் இருந்த கணக்கு எது தெரியுமா? பாங்குரா, சின்சுரா என்ற இரண்டு நெல் ஆராய்ச்சி நிலையங்களில் 1941லும் 1942லும் ரகவாரியாகக் கண்ட விளைச்சல். அவர் வங்காளத்துக்கு வேலைக்கு வந்து சேர்ந்ததே 1943 அக்டோபரில், பஞ்சத்தின் நடுவில். 1942 ஐப்பசி, கார்த்திகையில் ஊர் ஊராக வயலில் இறங்கி, இந்த வயலில் இத்தனை, அந்த வயலில் 0 என்று நாலு பேர் எழுதி வைத்திருந்தால் பேச்சே வேறாக இருந்திருக்கும். லட்சக்கணக்கான பேர் செத்த பஞ்சம் அது.

நம் தஞ்சாவூர் டெல்டாவிலும் 1919இல் குலை நோய் பெரிய அளவில் வந்து போயிருக்கிறது. எந்த ஊர் தப்பித்தது, எந்த ரகம் நின்றது என்று அப்போது யாராவது வயல்வாரியாக எழுதி வைத்திருந்தால் அதை நான் காசு கொடுத்து வாங்கிப் படிப்பேன்.

உங்கள் பெயரைப் போடாதது அவர்கள் தப்பு. நீங்கள் எழுதிய எண் தப்பில்லையே.


கொள்ளிடக்கரை
வெள்ளி, காலை 9:31

சரி அக்கா. வங்காள விஷயம் எனக்குத் தெரியாது. ஆனாலும் ஆர்டர் இல்லாமல் பஸ் ஏறாதே என்பதை அந்தப் பெண் ஒட்டிவைத்துக்கொள்ளட்டும்.


ஈரஇலை
வெள்ளி, இரவு 11:58

நான் கலிஃபோர்னியாவில் ஒரு வசந்த காலம் இதே வேலை பார்த்தேன். பயிர் இல்லை, காடு. சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே சோனோமா பக்கம். பனிக்காலம் அக்கா சொன்ன 0 கதையை எனக்கு அந்தக் காடுதான் புரியவைத்தது, அதனால் எழுதுகிறேன்.

அங்கே 1990களின் நடுவில் டேன் ஓக் மரங்களும் ஓக் மரங்களும் கூட்டம் கூட்டமாகக் காய ஆரம்பித்தன. முதலில் கண்ணில் பட்டது மரின் மாவட்டத்தில். அடிமரத்தில் கருஞ்சிவப்பாகச் சாறு வழியும், அப்புறம் ஒரே மூச்சில் மொத்தத் தலையும் பழுப்பேறிவிடும். "திடீர் ஓக் மரணம்" என்று பெயர் வைத்தார்கள். 2000இல்தான் காரணம் கண்டுபிடித்தார்கள்: ஃபைட்டோஃப்தோரா வகை நுண்ணுயிரி. பின்னால் ஃபைட்டோஃப்தோரா ரமோரம் என்று பெயர் வந்தது. பார்வைக்குப் பூஞ்சை மாதிரி இருக்கும், பூஞ்சை இனம் கிடையாது. அயர்லாந்தில் உருளைக்கிழங்கை அழித்ததும், நம் பக்கம் பாக்கு மரத்தில் மகாளி நோய் வரவைப்பதும் இதே பேரினத்தைச் சேர்ந்தவை.

முதல் நாள் காட்டுக்குப் போனபோது செத்த ஓக் மரங்களைத்தான் எண்ணச் சொல்வார்கள் என்று நினைத்தேன். நாங்கள் பாதி நேரம் பார்த்தது பே லாரல் என்கிற வேறொரு மரத்தை. பிரியாணி இலை வாசனை வரும். கொழுகொழுவென்று இருக்கும். நோய் அதன் இலை நுனியில் மட்டும் வரும், மழைத்தண்ணீர் வடிந்து தேங்கும் இடத்தில். நுனி கறுத்து, ஓரத்தில் மெல்லிய மஞ்சள் கோடு. அந்த மரத்துக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் மழை பெய்யும்போது வித்துகள் தெறித்துக் கிளம்புவது அதன் இலைகளிலிருந்துதான். ஓக் மரம் சாகிறது, ஆனால் அதிலிருந்து நோய் மேலே பரவுவதில்லை. செத்ததை மட்டும் எண்ணியிருந்தால் நோய் எங்கிருந்து வருகிறது என்பதே பிடிபடாது.

ஒரு மரத்துக்கு ஒரு நிமிடம், கைக்கெட்டும் உயரத்திலும் அதற்கு மேலும் கண்ணை ஓட்டி, நுனி கறுத்த இலைகளை எண்ண வேண்டும். ஒன்றுகூட இல்லாத பே மரத்தையும் எழுத வேண்டும். சந்தேக இலைகளை உறையிலிட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவோம். கண்ணுக்கு அதுவேதான் என்று பட்ட இலை சிலவற்றில் அங்கே ஒன்றும் வளராது. என் கண்ணை எவ்வளவு நம்பலாம் என்று எனக்கே தெரிந்தது அப்படித்தான்.

ஒவ்வொரு இடத்திலிருந்தும் கிளம்பும் முன் ஷூவில் ஒட்டிய மண்ணைப் பிரஷ் போட்டுத் தேய்த்து, கிருமிநாசினி அடிக்க வேண்டும். இதில் யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். நீங்களும் விடாதீர்கள். குலை நோய்ப் பூஞ்சையின் இன்னொரு வகை கோதுமையைத் தாக்கும். வெகுகாலம் தென் அமெரிக்காவில் மட்டும் இருந்தது. 2016இல் பங்களாதேஷில் வந்து சுமார் 15,000 ஹெக்டேரில் பரவியது. கடல் தாண்டி வந்துவிட்டது. அதனால் பார்க்க அழகாக இருக்கிறது என்று நோயிலையை நோட்டுப் புத்தகத்தில் வைத்து மயிலாடுதுறைக்குக் கொண்டுபோகாதீர்கள்.


அரசலாறு
சனி, காலை 6:15

நான் விவசாயி. குத்தாலம் பக்கம். உங்கள் பேச்சில் குறுக்கே வருவதற்கு மன்னிக்கணும்.

எங்கள் வயலுக்கும் இப்படிப் பிள்ளைகள் வருவார்கள். தொப்பி, அட்டை, பென்சில். இறங்குவார்கள், எண்ணுவார்கள், போய்விடுவார்கள். என்ன எண்ணினீர்கள் என்று கேட்டால் "சார்கிட்ட கேளுங்க" என்பார்கள். எனக்கு அது வருத்தம். என் வயலைப் பற்றி எனக்குத் தெரியாத ஒன்று அந்த அட்டையில் இருக்கிறது, அது எனக்கு வரவே வராது.

ஒரே ஒரு தடவை ஒரு பெண் வேறு மாதிரி செய்தார். தாளடியில் பிபிடி நெல் போட்டிருந்தேன். கதிர் வெள்ளையாக அங்கங்கே நின்றது. கடைக்காரர் குலை நோய் என்று சொல்லி மருந்து கொடுத்தார், இரண்டு தரம் அடித்தாயிற்று. அந்தப் பெண் எண்ணி முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். ஒரு வெள்ளைக் கதிரைப் பிடித்து மெதுவாக இழுத்தார், கையோடு வந்துவிட்டது. அடியைத் திருப்பிக் காட்டினார். கடித்த தடம், தண்டில் ஓட்டை. "ஐயா இது குருத்துப்பூச்சி. குலை நோயாக இருந்தால் இழுத்தால் இப்படி வராது, கழுத்துக் கணு கறுத்து அந்த இடத்தில் ஒடிந்து தொங்கும்" என்றார். பக்கத்து வயலில் போய் அதையும் காட்டினார். அங்கே கழுத்து கருப்பாக, நெல் பால் பிடிக்காமல் பதராக நின்றது. "வெள்ளையாகத் தெரிந்த பிறகு மருந்து அடித்தால் இரண்டுக்குமே பிரயோஜனமில்லை, கழுத்துக் குலைக்குக் கதிர் வெளிவரும் சமயத்தில் அடித்திருக்கணும்" என்றும் சொன்னார்.

ஐந்து நிமிஷம்தான் ஆனது. அந்தப் பாப்பா, போகிற இடத்தில் இந்த ஐந்து நிமிஷத்தை மட்டும் செய்தால் போதும். அப்பாவிடமும் இதைச் சொல்லட்டும்.


பனிக்காலம்
சனி, காலை 8:40

ஐயா, இதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. எட்டு சீசனில் எத்தனை பேரிடம் "சார்கிட்ட கேளுங்க" என்று நானும் சொல்லியிருப்பேன். ஆய்வு முடியாமல் முடிவைச் சொல்லக் கூடாது என்று ஒரு கட்டுப்பாடு உண்டு, அது நியாயம்தான். ஆனால் இன்றைக்கு அவர் வயலில் கண்ணால் பார்த்ததைச் சொல்ல ஒரு தடையும் இல்லை.


மலைத்தோட்டம்
சனி, பிற்பகல் 3:26

நான் இலங்கை மலையகத்திலிருந்து. தலவாக்கலைப் பக்கம் தேயிலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். தங்கச்சி வானிலைக் கருவியைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதைச் சின்ன வேலை என்று நினைத்துவிட வேண்டாம்.

எங்கள் நாட்டில் இந்த மாதிரி கள வேலைக்குப் பழைய கதை ஒன்று இருக்கிறது. 1869இல் கோப்பிச் செடியில் இலைத்துரு நோய் கண்டது. மார்ஷல் வார்ட் என்ற இளம் விஞ்ஞானியை 1880இல் அனுப்பினார்கள். அவர் கண்ணாடித் தகடுகளைத் தோட்டத்துக் காற்றில் வைத்து, அதில் ஒட்டும் வித்துகளை நுண்ணோக்கியில் பார்த்தார். நோய் காற்றில் வருகிறது என்று காட்டினார். உங்களைக் காலையில் மாற்றச் சொன்ன கண்ணாடி அதன் வாரிசுதான். ஆனால் கோப்பியைக் காப்பாற்ற முடியவில்லை. கோப்பி போய்த் தேயிலை வந்தது. எங்கள் மூதாதையர் கோப்பிக்காக வந்தவர்கள், பிள்ளைகள் தேயிலையில் நின்றார்கள்.

தேயிலைக்கு 1946இல் கொப்புள நோய் வந்தது. இளங்கொழுந்தில் எண்ணெய் சொட்டியது போலப் புள்ளி, பிறகு அடிப்பக்கம் வெள்ளைக் கொப்புளம். பறிக்கிற கொழுந்தைத்தான் பிடிக்கும். வெயில் பட்டால் அந்த வித்து தாங்காது. மேகம் மூடிய நாட்களில்தான் ஆட்டம். விஸ்ஸர், சண்முகநாதன், சபாநாயகம் மூவரும் 1961இல் வெயில் நேரத்துக்கும் மழைக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பைக் கணக்கிட்டு எழுதினார்கள். அதற்கப்புறம் நாள்காட்டியைப் பார்த்து மருந்தடிப்பதை விட்டு, சில நாள் வெயில் எத்தனை மணி என்று பார்த்து அடிக்கலாம் என்ற வழி வந்தது. எத்தனையோ சுற்று மருந்து மிச்சம்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வெயில்மானி அட்டை மாற்றுவது என் பொறுப்பு. கண்ணாடி உருண்டை ஒன்று, அதன் கீழே ஓர் அட்டை. வெயில் அடித்தால் அட்டையில் கருகிய கோடு விழும், மேகம் வந்தால் கோடு நின்றுவிடும். சாயங்காலம் அட்டையை எடுத்து அந்தக் கருகலை அளந்து எழுத வேண்டும். ஒருநாள் காய்ச்சல் என்று போகவில்லை. முந்தின நாள் அட்டையிலேயே மறுநாள் கோடும் விழுந்து இரண்டும் கலந்துபோனது. அந்த வாரத்துச் சராசரியே போட முடியவில்லை. நான் இல்லாவிட்டால் யார் மாற்றுவார் என்று ஒருவரைச் சொல்லி வைத்திருக்க வேண்டும். நீங்கள் சொல்லி வையுங்கள்.

கூடலூரில் எங்கள் சனம் நிறையப் பேர் இருக்கிறார்கள். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இங்கிருந்து போனவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். கேட்டால் உதவி செய்வார்கள்.


பனிக்காலம்
சனி, மாலை 6:02

என்ன எடுத்துக்கொண்டு போவது என்று கேட்டிருந்தாய். பேனா வேண்டாம், பென்சில். மழையில் மை கரைந்து ஒரு பக்கமே போய்விடும். இலை மாதிரிக்குப் பாலிதீன் பை வேண்டாம், மறுநாளே அழுகிவிடும். காகித உறைதான், அதன்மேல் தேதி, பிளாட், வரிசை மூன்றும் இலையைப் போடுவதற்கு முன்னாலேயே எழுது. பத்து மடங்கு கை லென்ஸ் ஒன்று சொந்தமாக வாங்கு. தினமும் சாயங்காலம் ஷீட்டைப் போனில் படம் எடுத்து இரண்டு பேருக்கு அனுப்பு.

அட்டைப்பூச்சிக்கு மூக்குப்பொடியோ உப்போ. சேற்றுப்புண் வந்தால் மருதாணி அரைத்துப் பூசு. காய்ச்சல் வந்தால் மட்டும் வீட்டு வைத்தியம் பார்க்காதே. வயல் தண்ணீரில் நிற்கிற வேலை என்று டாக்டரிடம் சொல், எலிக்காய்ச்சலாக இருக்கலாம். தனியாக விடியலில் வயலுக்குப் போகக் கூடாது, யானை நடமாட்டம் உள்ள ஊர். கூட ஆள் வந்தால்தான் வருவேன் என்று முதல் நாளே சொல்லிவிடு. பெண்களுக்கு வயல் பக்கம் கழிப்பறை இருக்காது. அதற்காகத் தண்ணீர் குடிக்காமல் இருந்து நான் உடம்பைக் கெடுத்துக்கொண்டேன். எங்கே போகலாம் என்று முதல் வாரத்திலேயே பக்கத்து வீட்டுப் பெண்களிடம் கேட்டு வை.

விவசாயி வயலில் இறங்கும் முன் கடைசியாக எப்போது மருந்து அடித்தார்கள் என்று கேள். நேற்று என்றால் இன்று இறங்காதே.


சம்பாநாத்து
ஞாயிறு, இரவு 8:15

எல்லாருக்கும் நன்றி. ஆர்டர் கேட்டேன், மெயிலில் அனுப்பிவிட்டார்கள். தேதி, தொகை, தங்குமிடம் எல்லாம் இருக்கிறது. அரசலாறு ஐயா எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அம்மாவிடம் என் பெட்டியை இறக்கச் சொல்லியிருக்கிறார்.


சம்பாநாத்து
நான்கு வாரம் கழித்து, வியாழன், இரவு 9:50

கூடலூரிலிருந்து எழுதுகிறேன். மழை நிற்கவே இல்லை.

காலை ஆறு மணிக்கு நானும் இன்னொரு அக்காவும் வித்துப் பொறிக்குப் போவோம். வாசலின் தடவிய கண்ணாடித் தகடு. ராத்திரிதான், அதிலும் விடியலுக்கு முன்னால்தான், வித்து அதிகம் கிளம்பும் என்பதால் காலையில் முதல் வேலை அதை எடுத்துப் புதிதாக வைப்பது. முதல் வாரம் நுண்ணோக்கியில் தூசியும் மகரந்தமும்தான் தெரிந்தது. இரண்டாவது வாரம் ஒருநாள் அந்த அக்கா கூப்பிட்டுக் காட்டினார். பேரிக்காய் வடிவம், கண்ணாடி மாதிரி நிறமில்லாமல், குறுக்கே இரண்டு தடுப்பு, மூன்று அறை. அது ஒன்று இலையில் ஒட்டி, ஈரத்தில் முளைத்து, வளிமண்டலத்தைப் போல 80 மடங்கு அழுத்தம் கொடுத்து இலைத்தோலைத் துளைக்கும் என்று பாடத்தில் படித்துப் பரீட்சை எழுதியிருக்கிறேன். அதை நேரில் பார்ப்பேன் என்று நினைத்ததே இல்லை. ஒரு தகட்டில் அன்று பதினொன்று இருந்தது. ஆறு நாள் கழித்து கோ 39 வரிசையில் சாம்பல் கண்கள் திறந்துகொண்டன.

ஸ்கோரில் எனக்கும் அந்த அக்காவுக்கும் முதலில் ஒத்துப்போகவில்லை. ஒரே நாற்பது வரிசையை இருவரும் தனித்தனியாகப் பார்த்து எழுதச் சொன்னார்கள். பதினாறில் வேறு வேறு. அநேகமாக எல்லாவற்றிலும் நான் ஒரு எண் கூடுதல். காய்ந்த நுனியையும் நோய்க் கணக்கில் சேர்த்திருக்கிறேன். மறுபடி உட்கார்ந்து, இலையை உள்ளங்கையில் விரித்து, எது புள்ளி, எது சும்மா காய்ந்தது என்று பிரித்துப் பார்த்தோம். இந்த வாரம் நாற்பதில் ஐந்துதான் வித்தியாசம்.

மலைத்தோட்டம் ஐயா, என் காய்ச்சல் நாளுக்குப் பொறி மாற்ற ஆள் சொல்லி வைத்துவிட்டேன். பக்கத்து லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) பையன், ஐடிஐ படிக்கிறான். தாத்தா நுவரெலியாவிலிருந்து வந்தவராம்.

நேற்று அப்பா குறுவை வயலிலிருந்து ஓர் இலையைப் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினார். "இது உன் நோயா?" என்று கேட்டார். பெரிதாக்கிப் பார்த்தேன். முனை கூராக இல்லை. எள் அளவில், நீள்வட்டமாக, சுற்றிலும் மஞ்சள். செம்புள்ளி மாதிரித்தான் தெரிகிறது, மண்ணில் சத்து குறைந்த பக்கம் வரும் என்று சொன்னேன். எத்தனை குத்தில் இருக்கிறது என்று கேட்டேன். "நிறைய" என்றார். நிறைய வேண்டாம் அப்பா, பத்துக் குத்து பார்த்து அதில் எத்தனை சுத்தமாக இருக்கிறது என்று சொல்லுங்கள் என்றேன். சாயங்காலம் போன் செய்து, பத்துக்கு நாலு சுத்தம் என்றார்.


பனிக்காலம்
வியாழன், இரவு 10:04

எந்தப் பத்து என்று கேட்டாயா?


சம்பாநாத்து
வியாழன், இரவு 10:11

கேட்டேன் அக்கா. மேட்டுப் பக்கத்து வரப்பை ஒட்டி, நின்ற இடத்திலிருந்தே பார்த்திருக்கிறார். நாளைக் காலையில் உள்ளே இறங்கி ஐந்து இடத்தில் எண்ணுவதாகச் சொல்லியிருக்கிறார்.